நல்லுசாமி அண்ணன் சொல்லாத வரி

ரெண்டு நிமிஷ மௌன அஞ்சலின்னு எச்.எம். மைக்ல சொல்லி வாய மூடினதும் கிரவுண்டுல நின்ன தொள்ளாயிரம் பேரும் தலையக் குனிஞ்சாச்சு, மேடை ஓரத்துல நின்ன சங்கவியும் குனிஞ்சா, ஆனா கண்ண மூட முடியல, மூடினா அந்த வரி வந்து நிக்குது, இப்பத்தான், அரை நிமிஷம்கூட ஆகல, அவ வாயாலயே மைக்ல படிச்ச அதே வரி, எம் மக மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல பாப்பா, வந்தான்னா வாசல்ல நிக்க விடமாட்டேன், உள்ள வாம்மான்னுதான் சொல்லுவேன், அப்படின்னு ஸ்கூல் பியூன் நல்லுசாமி அண்ணன் சொன்னதா பதினொண்ணாம் கிளாஸ் சங்கவி பேட்டி எழுதி, அது ஸ்கூல் பத்திரிகை ‘நாலுபக்கம்’ மூணாம் பக்கத்துல அச்சாகி, டீச்சருங்க, பசங்க, அவங்கவங்க வீட்டாளுங்க எல்லாரும் படிச்சு, படிச்ச பத்தாம் நாள் நல்லுசாமி அண்ணன் நெஞ்சு வலின்னு பஸ் ஸ்டாண்டுல உக்காந்தவரு எந்திரிக்காமயே போயி, இன்னிக்குக் காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்த மொத நாள், அவரு போட்டோவுக்குச் சம்பங்கி மாலை, ஊதுபத்தி, பக்கத்துல அவரு மக வளர்மதி அக்கா. அந்த வரி வந்தப்ப அந்தக்கா முந்தானைய வாயில வச்சு அழுத்திக்கிட்டத சங்கவி ஓரக்கண்ணால பாத்தா. பாத்தும் நிறுத்தல, ஏத்த எறக்கத்தோட படிச்சு முடிச்சா, நல்லாவே படிச்சா, அதுதான் கொடுமை. அவரு அப்படிச் சொல்லவே இல்ல. ஒரு எழுத்து சொல்லல. அது முழுசா சங்கவி எழுதினது, கம்ப்யூட்டர் லேப்ல, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, எலுமிச்சஞ்சாதம் ஒட்டின வெரலோட. இது இந்தத் தொள்ளாயிரம் பேர்ல சங்கவிக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்ச இன்னொரு ஆளு போட்டோவுல இருக்காரு.

இன்னும் ரெண்டு நிமிஷம். இல்ல, இப்ப ஒண்ணே முக்கால். எச்.எம். எப்பவுமே இந்த மௌன அஞ்சலிய ஏமாத்துவாரு, ரெண்டுன்னு சொல்லிட்டு ஒண்ணுலயே நன்றின்னு முடிச்சிடுவாரு, வெயில்ல புள்ளைங்க மயங்கி விழுந்துடும்னு பயம், ஆனா இன்னிக்கு மணிக்கட்டத் திருப்பி வாட்சையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு, நேர்மையா. இருக்கட்டும், நிக்கட்டும், பத்து நிமிஷம் நின்னாலும் நல்லது, ஏன்னா இது முடிஞ்சா அந்தக்கா வருவாங்க. சொல்லிட்டாங்க. பிரேயர் மணிக்கு முன்னாடி சைக்கிள் ஸ்டாண்டுல வந்து கையப் புடிச்சு, நீதான பாப்பா சங்கவின்னு கேட்டு, கை சில்லுன்னு இருந்துச்சு, ரெண்டு வருஷமா வீட்டுப் படி ஏறலன்னு ஆரம்பிச்சாங்க, வேற ஆளுங்க வீட்டுப் பையன் கூடப் போனதுக்கப்புறம் அப்பா ஒரு போனும் பண்ணல, நானும் பண்ணல, சாவுக்கு வந்தப்பகூடத் தெரு முக்குலயே சித்தப்பா மறிச்சிட்டாரு, உசுரோட இருக்கப்ப வராதவ இப்ப எதுக்குன்னுட்டாரு, எங்கம்மாதான் உள்ளேருந்து உங்க பேப்பர எடுத்துட்டு ஓடியாந்து, பாருய்யா, உங்கண்ணன் என்ன சொல்லியிருக்காருன்னு பாருன்னு அவரு மொகத்துக்கு நேரா நீட்டுச்சு, அவரு அங்கயே நின்னு படிச்சாரு, படிச்சிட்டு ஒதுங்கிக்கிட்டாரு, அதனாலதான் பாப்பா நான் எங்கப்பா மூஞ்சியப் பாத்தேன். இவ்வளவையும் அந்தக்கா அழாமத்தான் சொன்னாங்க. அப்புறம் விஷயத்துக்கு வந்தாங்க. வர்ற வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அதுக்கு அவங்களும் அவங்க வீட்டுக்காரரும் வரணும்னா சித்தப்பா ஒத்துக்கணும், சித்தப்பாவுக்கு இப்ப சந்தேகம், யாரோ சொல்லிட்டாங்களாம், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க அவங்க இஷ்டத்துக்கு எழுதுறதுதானேன்னு. பேட்டிய ரெக்கார்டு பண்ணதா பேப்பர்லயே போட்டிருக்கீங்கல்ல, அந்த ரெக்கார்டிங்க எனக்குக் குடு, சித்தப்பா வெளிய கேட்டுக்கிட்ட வண்டியோட நிக்கிறாரு, அவரு காதால ஒரு தடவ கேட்டுட்டா முடிஞ்சு போச்சு. சங்கவி தலைய ஆட்டினா. எதுக்கு ஆட்டினான்னு அவளுக்கே தெரியல, மணி அடிச்சிட்டாங்க, ஓடிட்டா.

ரெக்கார்டிங் இருக்கு. இல்லாமலா. பதினோரு நிமிஷம் நாப்பது செகண்டு. லூர்து மேரி மிஸ்ஸோட பழைய போன், மூல ஒடஞ்சது, அத மிஸ் பத்திரிகை வேலைக்குன்னே குடுத்து வச்சிருக்காங்க, இன்னிக்குப் போட்டோ எடுக்கச் சொல்லிக் காலையிலயே குடுத்துட்டாங்க, இப்ப அது சங்கவியோட யூனிஃபார்ம் ஓவர்கோட் பாக்கெட்டுல தொடையில சூடா ஒட்டிக்கிட்டு இருக்கு. சூடா இருக்கா, இல்ல நமக்குத்தான் அப்படித் தோணுதா. தொள்ளாயிரம் பேரு அவரு இல்லன்னு தலையக் குனிஞ்சு நிக்கிறாங்க, அவரு பேச்சு அவ பாக்கெட்டுல கெடக்கு, இருமலோட, நடுவுல ஒரு துறையூர் பஸ்ஸு ஹாரனோட. அன்னிக்கு அவரு மணிக்குக் கீழ ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு. சங்கவி நோட்டுல பதினஞ்சு கேள்வி எழுதிட்டுப் போயிருந்தா, சும்மா இல்ல, நல்ல நல்ல கேள்வி, இருபத்தாறு வருஷமா இந்த மணிய அடிக்கிறப்ப உங்க மனசுல என்ன ஓடும், அப்படியெல்லாம். அவரு என்ன சொன்னாருன்னா, ஒண்ணும் ஓடாது பாப்பா, மணி ஆச்சுன்னா அடிப்பேன். அவ்ளோதான். உங்களுக்குப் புடிச்ச மணி எது, சாப்பாட்டு மணியா, வீட்டு மணியா? எல்லாம் ஒண்ணுதான். மறக்க முடியாத சம்பவம்? மழையில ஒருக்கா ஸ்டோர் ரூம் ஒழுகுச்சு. சங்கவிக்கு அழுகையே வந்துடுச்சு, என்னய்யா இந்த மனுஷன், ஒரு வரி தரமாட்டேங்கறாரேன்னு. அப்பத்தான் அவ நோட்டுல இல்லாத கேள்விய கேட்டா, ஸ்கூலுக்கே தெரிஞ்ச கதைதான, ஒங்க மகளப் பத்திச் சொல்லுங்கண்ணேன்னு. அவரு மணியடிக்கிற கட்டைய ஒரு கையிலேருந்து இன்னொரு கைக்கு மாத்தினாரு. மாத்திட்டு, அத விடு பாப்பா, வேற கேளுன்னாரு. அதுதான். மகளப் பத்தி அவரு சொன்னது மொத்தமும் அதுதான். அத விடு பாப்பா, வேற கேளு. இதப் போயி அந்தக்கா காதுல, அந்தச் சித்தப்பா காதுல, கேட்டுக்கிட்ட, வண்டிய ஆஃப் பண்ணச் சொல்லிட்டு, வால்யூம ஏத்தி வச்சு...

ஊதுபத்திப் பொக மூஞ்சிக்கு நேரா வருது, இருமக்கூடாது, இப்ப இருமினா தொள்ளாயிரம் தலையும் நிமிரும். ஆறாம் கிளாஸ் வரிசையில எதுவோ ஒரு புள்ளைக்கு விக்கல். ஹிக். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. பக்கத்துப் புள்ளைங்க தோளு குலுங்குது, சிரிப்ப அடக்குதுங்க, பி.டி. சார் கண்ணாலயே அதுங்கள எரிக்கிறாரு. அன்னிக்கு லேப்லயும் இதே மாதிரிதான் ஒரு அமைதி இருந்துச்சு, ஏ.சி. ஓடாது, மானிட்டர் மட்டும் உய்ய்ய்னு. மூணு மணிக்குள்ள பக்கம் ரெடி பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்பணும், இல்லன்னா பரீட்சைக்கு முன்னாடி இதழ் வராது, பக்கம் கட்டுற ரஹ்மத் நிஷா மௌஸ அழுத்திப் புடிச்சுக்கிட்டு, அடியே, மூணாம் பக்கத்துல கீழ நாலு வரி காலியா இருக்குடி, பூ படம் போடவா, வெளக்கு படம் போடவா சொல்லுன்னு கத்துறா. பூ படமா! போன இதழ்ல இவளே பூ படம் போட்டு லூர்து மேரி மிஸ் இது என்ன கல்யாணப் பத்திரிகையான்னு கேட்டது மறந்துட்டாளா. இரு, எழுதித் தர்றேன்னு சங்கவி சொன்னா. சொல்லிட்டு மூணு நிமிஷம். மூணே நிமிஷம்தான் யோசிச்சா. அவரு அந்தக் கட்டைய மாத்தினாரே, அந்தக் கை. அந்தக் கையப் பாத்தா அப்படித்தான் தோணுச்சு. கோவமெல்லாம் இல்லைன்னு. உள்ள வாம்மான்னு. அவரு சொல்லத் தெரியாம இருக்காரு, நாம சொல்லிக் குடுப்போம், அதுக்குத்தான நாம இருக்கோம்னு அவளுக்கு அன்னிக்கு உண்மையாவே தோணுச்சு, பெருமையா இருந்துச்சு, எழுதி முடிச்சப்ப கை சிலிர்த்துச்சு. நாலு வரிக்குக் கச்சிதமா ஒக்காந்துச்சு. ரஹ்மத் படிச்சிட்டு, யப்பா, இதையாடி இவரு சொன்னாருன்னு கேட்டா. ம்னு சொன்னா சங்கவி. அந்த ஒரு ‘ம்’. அது மொத பொய். அதுவரைக்கும் அது கதைதான், அந்த ம்முல இருந்துதான் பொய்யி.

அப்புறம் எல்லாரும் அத ஏத்தி ஏத்தி விட்டாங்க. ஸ்டாஃப் ரூம்ல லூர்து மேரி மிஸ் சத்தமாப் படிச்சுக் காட்டினாங்களாம், மேத்ஸ் சார் மூக்கச் சிந்தினாராம். எச்.எம். கூப்பிட்டு இந்த வயசுல இப்படி ஒருத்தர பேச வைக்கிறது பெரிய தெறமைம்மான்னாரு. பேச வைக்கிறது! மிஸ் அந்தப் பக்கத்த லேமினேஷன் பண்ணி நோட்டீஸ் போர்டுல மாட்டினாங்க. இன்னிக்கு அஞ்சலிக்குன்னு எழுதினதுல சங்கவி அந்த வரிய விட்டுட்டுத்தான் எழுதியிருந்தா, ராத்திரியெல்லாம் யோசிச்சு நைசா விட்டிருந்தா, மிஸ்தான் காலையில செவப்புப் பேனாவால அம்புக்குறி போட்டு, இத விட்டுட்டியே, இதுதான உயிரு, அவரு மகளும் வந்திருக்கு, கண்டிப்பாப் படின்னு சேத்துட்டாங்க. அப்பவாவது சொல்லியிருக்கலாம். மிஸ் அது வந்துன்னு ஆரம்பிச்சிருக்கலாம். மிஸ்ஸோட மொகம் மாறுறதப் பாக்கணுமேன்னு பயம். பயமா, இல்ல அந்த வரிய ஒரு தடவ மைக்ல படிக்கணும்னு ஆசையா. சேச்சே. இல்ல. கொஞ்சம். கொஞ்சம் ஆசைதான். படிக்கிறப்ப அந்த வாம்மாங்கிற எடத்துல குரல எறக்கினியே, அது யாரு சொல்லிக் குடுத்தா.

அத விட இன்னொண்ணு இருக்கு. அதத்தான் அவ இந்த ஒம்பது நாளா யோசிக்காம ஓடிக்கிட்டே இருக்கா, சுத்திச் சுத்தி அங்கயேதான் போயி இடிக்குது. பேப்பர் வந்த மறுநாள். காலையில கேட்டுல நல்லுசாமி அண்ணன் நின்னாரு. அவருக்குன்னு ரெண்டு பேப்பர் குடுத்திருந்தாங்க. சங்கவி சைக்கிளத் தள்ளிக்கிட்டே தலையக் குனிஞ்சு போயிடலாம்னு பாத்தா. அவரு கூப்பிடல, குறுக்க வரல. அவ தாண்டுறப்ப, படிச்சேன் பாப்பான்னாரு. அவ்ளோதான். படிச்சேன் பாப்பா. சங்கவி சரிங்கண்ணேன்னு சொல்லிட்டு ஏறக்குறைய ஓடினா. அதுக்கப்புறம் பத்து நாள்ல எத்தன மணி அடிச்சிருப்பாரு, எத்தன தடவ கிளாஸுக்கு சர்க்குலர் கொண்டாந்திருப்பாரு, ஒரு தடவகூட அவரு மொகத்த அவ நேராப் பாக்கல. படிச்சேன்னா என்ன அர்த்தம்? நான் சொல்லாதத எழுதிட்டியேன்னா? சரியாத்தான் எழுதியிருக்கன்னா? ஏன் இப்படி ஊரு சிரிக்க வச்சன்னா? மறுக்கலையே அவரு. மறுக்கணும்னா மறுத்திருக்கலாம்ல, எச்.எம். ரூம் பத்தடி தூரம்தான, போயி சார் இந்தப் புள்ள பொய் எழுதியிருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல. சொல்லல. அப்போ ஒத்துக்கிட்டாருன்னுதான அர்த்தம். அப்போ அது அவரு வரிதான், சொன்னது நாம, வச்சுக்கிட்டது அவரு. அப்பாடா. இல்ல. இரு. பியூனு போயி எச்.எம். கிட்ட ஒரு பிளஸ் ஒன் புள்ளையப் பத்திக் குத்தம் சொல்லுவாரா? இருபத்தாறு வருஷத்துல யாரப் பத்தியாவது சொல்லியிருக்காரா? நீ அவரு சும்மா இருந்தத எடுத்து உனக்கு வேணும்ங்கிற மாதிரி மறுபடியும் எழுதுற. அதேதான் பண்ற. லேப்ல பண்ணதையே மறுபடி பண்ற.

ஹிக். விக்கல் இன்னும் நிக்கல. எச்.எம். வாட்ச்சுல இருந்து கண்ண எடுக்கல. சங்கவியோட கை பாக்கெட்டுக்குள்ள போனது அவளுக்குத் தெரியும், ஆனா அவளே விட்ட மாதிரி இல்ல, போன் வெளிய வந்துடுச்சு, யாராவது பாத்தாலும் போட்டோ எடுக்கத்தான்னு நெனப்பாங்க, எல்லாத் தலையும் கீழதான் இருக்கு. ரெக்கார்டர். லிஸ்ட். சுதந்திர தின விழா, கபடி கேப்டன், சத்துணவு அக்கா, நல்லுசாமி அண்ணன். அழுத்திப் புடிச்சா சின்னக் குப்பைத் தொட்டி படம் வருது. தொட்டா டெலீட் பண்ணவான்னு கேக்குது. கேட்டுக்கிட்டே நிக்குது. இது ஒண்ணுதான். கட்டைவிரல வச்சா முடிஞ்சு போச்சு. அழிஞ்சிடுச்சுக்கா, போன்ல எடம் இல்லன்னு மிஸ் எல்லாத்தையும் கிளீன் பண்ணிட்டாங்கன்னு சொல்லிடலாம், அந்தக்கா கொஞ்சம் அழுவாங்க, சித்தப்பாவுக்குச் சந்தேகம் சந்தேகமாவே இருக்கும், ஆனா அச்சுல இருக்கே, அச்சுல இருக்கறத யாரும் பொய்யின்னு அடிச்சுச் சொல்ல முடியாதுல்ல, வியாழக்கிழமை அந்தக்கா எப்படியாவது போயிடுவாங்க, நல்லது நடக்கும், பொய்யினால ஒரு நல்லது ஏற்கெனவே நடந்துச்சுல்ல, அப்பா மூஞ்சியப் பாத்தாங்கல்ல, உண்மைய எழுதியிருந்தா, அத விடு பாப்பா வேற கேளுன்னு எழுதியிருந்தா, அந்தம்மா எதத் தூக்கிட்டு ஓடியாந்திருக்கும்? தெரு முக்குலயே திரும்பிப் போயிருப்பாங்கல்ல? அப்போ நான் எழுதினது தப்பா? கட்டைவிரல் கண்ணாடிக்கு மேல ஒரு நூல் எடவெளியில நிக்குது. வேர்வை. ஆனா இத அழிச்சா அவரு இருமலும் போயிடும். அந்தக்கா வீட்டுல அவரு குரல் இருக்காது, ரெண்டு வருஷமாப் பேசலையே, எந்தப் போன்ல இருக்கும். எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னாரே. ஸ்டோர் ரூம் ஒழுகுச்சுன்னு சொன்னாரே. அத நான் ஒண்ணுமில்லன்னு வெட்டித் தள்ளினேன், அது ஒண்ணுதான் அவரு எனக்குக் குடுத்தது, அதையும் இப்ப அழிக்கப் போறேன், அவரு சொன்னத அழிச்சிட்டு நான் சொன்னத அவரு போட்டோவுக்குக் கீழ மாட்டி வைக்கப் போறேன்.

நன்றின்னு எச்.எம். சொன்னாரு. தொள்ளாயிரம் தலை நிமிர்ந்துச்சு, ஒரு பெரிய மூச்சு மாதிரி சத்தம். வளர்மதி அக்காவும் நிமிர்ந்தாங்க, நிமிர்ந்ததும் அவங்க கண்ணு நேரா வந்து சங்கவி கையில இருக்கற போன்லதான் விழுந்துச்சு. அதுல இன்னும் அந்தக் கேள்வி நின்னுக்கிட்டிருக்கு, டெலீட் பண்ணவா. சங்கவி வேண்டாம்னு தொட்டா. தொட்டத நெனச்சு அப்புறம் அவ எத்தனையோ தடவ யோசிச்சிருக்கா, நல்ல மனசால தொட்டாளா, பயத்துல வெரல் அங்க விழுந்துச்சான்னு, அவளுக்கே சரியாச் சொல்லத் தெரியல.

மறுபடியும் சைக்கிள் ஸ்டாண்டு. வரிசை வரிசையா கிளாஸுக்குப் போற செருப்புச் சத்தம். அந்தக்கா ஹேண்ட்பேக்ல இருந்து அவங்க போன எடுத்துத் தயாரா வச்சுக்கிட்டாங்க, இதுக்கு அனுப்பிடு பாப்பா, நீ ரொம்ப நல்லாப் படிச்சன்னு சொன்னாங்க. சங்கவி எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நாலு விதமா யோசிச்சு வச்சிருந்தா, எல்லாமே அழகா இருந்துச்சு, எல்லாமே கடைசியில அவளை நல்லவளாக் காட்டுற மாதிரி இருந்துச்சு, வாயத் தொறந்தப்ப அதுல ஒண்ணும் வரல.

‘அக்கா, அந்த வரி அண்ணன் சொன்னது இல்லக்கா. நான் எழுதினது.’

அந்தக்கா சிரிச்ச மாதிரி இருந்துச்சு. புரியலன்னு சிரிப்போமே, அந்த மாதிரி. எந்த வரின்னு கேட்டாங்க. கேட்டுட்டு அவங்களே புரிஞ்சுக்கிட்டாங்க, சிரிப்பு மொகத்துலயே கொஞ்ச நேரம் மாட்டிக்கிட்டு நின்னுச்சு, எடுக்கறதுக்கு மறந்துட்ட மாதிரி. அடிக்கப் போறாங்கன்னு சங்கவி நெனச்சா, அடிச்சா நல்லாருக்கும்னுகூட நெனச்சா. அந்தக்கா அடிக்கல. ஒரு சைக்கிளோட சீட்டப் புடிச்சுக்கிட்டாங்க. என்னப் பத்திக் கேட்டியா இல்ல அதுவும் இல்லையான்னாங்க. கேட்டேங்க்கா. என்ன சொன்னாரு? இப்பக்கூட சங்கவி ஒரு வார்த்தைய மாத்திச் சொன்னா போதும், கொஞ்சம் மெதுவாச் சொன்னாரு, கண்ணு கலங்கிச் சொன்னாருன்னு ஒண்ணு சேத்தா போதும், நாக்கு நுனியில வந்து நிக்குது, அவ்வளவு சுலபமா வருது அவளுக்கு, அதுதான அவ தெறமை. ‘அத விடு பாப்பா, வேற கேளுன்னாரு’ன்னா. வேற ஒண்ணும் சேக்கல. அப்புறம், பேப்பர் வந்த மறுநாள் படிச்சேன் பாப்பான்னு சொன்னாருக்கா, அது என்ன அர்த்தத்துல சொன்னாருன்னு எனக்குத் தெரியாதுன்னா. அதுதான் அவகிட்ட இருந்தது மொத்தமும்.

அந்தக்கா கைய நீட்டினாங்க. போன வாங்கி, காதுல ஒட்ட வச்சு, சொவத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாங்க. பதினோரு நிமிஷம். மொதப் பீரியட் மணி அடிச்சுது, புதுசா யாரோ அடிக்கிறாங்க, எண்ணிக்க தப்பா அடிக்கிறாங்க. சங்கவி நகரல. அந்தக்காவோட முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது, ஒரு எடத்துல தோளு லேசா குலுங்குச்சு, அழுறாங்களா சிரிக்கிறாங்களான்னு தெரியல, ஸ்டோர் ரூம் ஒழுகுன எடமா இருக்குமோன்னு நெனச்சா. அதுக்குள்ள கேட்டுலேருந்து சித்தப்பா உள்ளயே வந்துட்டாரு, வெள்ள வேட்டி, தாடி மழிக்காம, வண்டிச் சாவிய வெரல்ல மாட்டிக்கிட்டு, என்னம்மா, இருக்கா இல்லையான்னு கேட்டுக்கிட்டே. கேள்வி அந்தக்காகிட்ட, பார்வை சங்கவிமேல. இவருகிட்டயும் சொல்லணும். அக்காகிட்டச் சொன்னதோட முடியல, ஒவ்வொருத்தருகிட்டயா சொல்லிக்கிட்டே போகணும், மிஸ், எச்.எம்., ரஹ்மத், போர்டுல மாட்டினத கழட்டணும், அடுத்த இதழ்ல போடணும், அவ வாயத் தொறந்தா. வளர்மதி அக்கா காதுலேருந்து போன எடுத்து, திரும்பாமயே பதில் சொன்னாங்க.

‘அப்பா அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல சித்தப்பா. இந்தப் புள்ள எழுதினது. வியாழக்கிழம நாங்க ரெண்டு பேரும் வர்றோம். மறிக்கறதுன்னா மறிங்க.’

சித்தப்பா சாவிய வெரல்ல ஒரு சுத்து சுத்தினாரு. சங்கவிய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, அதுக்கு அவரு நாலு திட்டு திட்டியிருக்கலாம். அப்புறம், அண்ணன் கொரலு இருக்கான்னு மட்டும் கேட்டாரு. இருக்குன்னாங்க அக்கா. வீட்டுல போயி கேட்டுக்கறேன்னு சொல்லிட்டு வண்டிக்குத் திரும்பி நடந்தாரு, வரலாம்னும் சொல்லல, வரக்கூடாதுன்னும் சொல்லல, வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டுக் கெளம்பாம நின்னாரு, அவ்ளோதான். சங்கவி ரெக்கார்டிங்க அந்தக்கா போனுக்கு அனுப்பினா, நீலக் கோடு மெதுவா மெதுவா நகருது, சிக்னல் இல்லாத எடம், ரெண்டு பேரும் அதையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. சாரிக்கான்னு சொல்லலாமான்னு யோசிச்சா, அந்தச் சொல்லு ரொம்பச் சின்னதா இருந்துச்சு, சொல்லாம விட்டுட்டா, விட்டதும் தப்பாப் பட்டுச்சு. போயிடுச்சுன்னு வந்ததும் அந்தக்கா போனப் பைக்குள்ள போட்டுட்டு நடந்தாங்க, நாலடி போயி நின்னாங்க.

‘அஞ்சாவது நிமிஷத்துல, இரு பாப்பா மாத்திரை ஒண்ணு போட்டுக்கறேன்னு சொல்றாரே. அட்ட பிரிக்கிற சத்தம்கூடக் கேக்குது. அது என்ன மாத்திரை? எப்பயிருந்து போட்டாராம்?’

சங்கவிக்கு அந்த எடம் ஞாபகம் வந்துச்சு. அவரு பாக்கெட்டத் தடவி எடுத்தாரு, தண்ணி குடிச்சாரு, அந்த நேரத்துல அவ நோட்டப் புரட்டி அடுத்த கேள்வி என்னன்னு பாத்துக்கிட்டிருந்தா.

‘நான் கேக்கலக்கா’ன்னா.

வெளிய சித்தப்பா ஒரு தடவ ஹாரன் அடிச்சாரு, அந்தக்கா போயி பின்னாடி ஏறி உக்காந்தாங்க.